ஔலிப் பனியும் அடிவாரத்து மணலும்

மே மாதம் வந்தால் டி.வி. செய்தியில் எங்கள் ஊர்ப் பெயர் வராமல் இருக்காது. "தமிழகத்தில் அதிகபட்சமாக வேலூர், திருத்தணி..." என்று ஆரம்பித்து 106, 108 என்று ஏதாவது ஓர் எண்ணைச் சொல்வார்கள். இப்படிப்பட்ட ஊரில் மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு, பனிச்சறுக்கு விளையாட்டுக்காக மலையில் கட்டடம் கட்டுவதைப் பற்றி ஒருவன் எழுதினால், பெரிசுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். கடைசியில் திருத்தணிக்கே வந்துவிடுகிறேன்.

பழைய பதிவுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரிக்காரன், 1950-ல் பிறந்தவன். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது பிரெஞ்சுக்கொடி இறங்கிவிட்டது; ஆனால் 1962 ஆகஸ்ட் வரை சட்டப்படி எல்லாம் முடிந்தபாடில்லை. அப்பா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னைப் பிரெஞ்சு மீடியத்தில் போட்டார். அங்கே 'திக்தே' என்று ஒன்று உண்டு. வாத்தியார் வாசிப்பார், நாங்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும். அதில் வாரத்துக்கு ஒரு தடவையாவது பனி விழும். 'நேஜ்' என்றால் பனி. சவுவா மலை, மரவீடு, கூரையெல்லாம் வெள்ளை, பிள்ளைகள் காலில் பலகை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். வியர்வையில் காகிதம் கையோடு ஒட்டிக்கொள்ள நாங்கள் இதை எழுதிக்கொண்டிருப்போம். "பனி எப்படி இருக்கும், மூசே?" என்று ஒருவன் கேட்டான். எங்கள் வாத்தியாரும் காரைக்கால் தாண்டாதவர். மறுநாள் மீன் மார்க்கெட்டிலிருந்து ஒரு ஐஸ் துண்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டுவந்து, ஆணியால் சுரண்டி ஆளுக்குக் கொஞ்சம் கையில் வைத்தார். அந்த வருஷம் முழுவதும் எங்களுக்குப் பனி என்றால் மீன்வாடைதான்.

உண்மைப் பனியை நான் பார்த்தது 61-ஆவது வயதில். 2010-ல் ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான திருத்தணியில் பணிக்கொடைப் பணத்தில் ஒரு வீடு கட்டிக் குடிவந்தோம். மறு மே மாதம் ஒரு யாத்திரைக் கோஷ்டியோடு பத்ரிநாத் கிளம்பினோம். வழியில் ஜோஷிமட். ஆதிசங்கரர் மடம் இருக்கும் ஊர். நம் 108 திவ்ய தேசங்களில் திருப்பிரிதி என்று திருமங்கையாழ்வார் பாடியது இந்த ஊர்தான் என்பார்கள். நரசிம்மர் கோயில். அந்த விக்கிரகத்தின் மணிக்கட்டு வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே வருகிறதாம். அது ஒடிகிற நாளில் இரண்டு மலைகளும் சாய்ந்து பத்ரிக்குப் போகும் பாதை மூடிவிடும் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. கோஷ்டியில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

அப்போது பத்ரிநாத் பாதையில் 'கேட்' முறை இருந்தது. குறித்த நேரத்துக்குத்தான் வண்டிகளை விடுவார்கள். எங்களுக்கு ஒரு பகல் மிச்சப்பட்டது. மேலே ஔலி என்ற இடத்துக்கு ரோப்கார் போகிறது, அங்கே மேட்டில் இன்னும் கொஞ்சம் பனி இருக்கிறது என்றார்கள். சுமார் நாலு கிலோமீட்டர் தூரம், பத்துத் தூண்கள், ஆறாயிரம் அடி உயரத்திலிருந்து ஏறக்குறைய பத்தாயிரம் அடிக்கு. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு கந்தர் சஷ்டி கவசத்தை ஆரம்பித்தாள். கவசம் முடிந்து மறுபடி ஆரம்பிக்கும் வரை வண்டி போய்க்கொண்டே இருந்தது.

நான் கீழேயே பார்த்துக்கொண்டு போனேன். தேவதாரு, ஓக் மரங்களின் தலைமேல் போகிறோம். ஒரு மரத்தை வெட்டவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் தார்ச்சாலை போட்டிருந்தால் மலையை எத்தனை முறை வளைத்து வளைத்து அறுத்திருப்பார்கள்! கம்பி மண்ணைத் தொடுவது தூண் நிற்கும் இடத்தில் மட்டும். 2024 மார்ச்சில் நம் சோளிங்கரில் ரோப்கார் வந்ததே, 1,305 படி ஏற முடியாமல் பத்து வருஷமாக அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்த என் மனைவி யோக நரசிம்மரை நேரில் பார்த்துவிட்டு வந்து அழுதாளே, அதையும் சொல்லத்தான் வேண்டும். மலையில் எதையுமே கட்டக்கூடாது என்று சொல்கிற கட்சி இல்லை நான். முழங்கால் வலி இல்லாதவர்கள் அந்தக் கட்சியில் இருக்கட்டும்.

மேலே போனால் பச்சைப் புல்சரிவு. எதிரே நந்தாதேவி. ஓரங்களில் அழுக்கு வெள்ளையாகப் பனித்திட்டு. கையில் எடுத்துப் பார்த்தேன், மீன்வாடை இல்லை. அந்த ஜனவரியில்தான் அங்கே தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டி நடந்து முடிந்திருந்தது. அதற்காகச் சரிவை ஒழுங்குபடுத்தி, பனி விழாவிட்டால் செயற்கையாகத் தெளிக்க இயந்திரங்கள் வாங்கி, அந்த இயந்திரங்களுக்குத் தண்ணீர் வேண்டுமே என்று மேட்டில் ஒரு குளமும் வெட்டியிருந்தார்கள். என் மனைவி அந்தக் குளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னங்க, குளம்னா படி வேணாமா? தண்ணி எங்கேருந்து வந்து எங்கே போகுது?" என்றாள். நான் விளையாட்டாக, "பனியாகி வெயிலில் உருகிக் கீழே போகும்" என்றேன். "கீழேன்னா நம்ம லாட்ஜுக்கா?" என்றாள். சிரித்தோம்.

லாட்ஜ்காரர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், என் வயதுதான். பென்ஷன் பணத்தில் கட்டிய வீடு, மேலே நாலு அறை வாடகைக்கு. மாடிப்படிப் பக்கம் சுவரில் மூலைவாட்டில் ஒரு விரிசல். அதன்மேல் சிமெண்டு வைத்து ஒரு கண்ணாடிப் பட்டை ஒட்டியிருந்தது. நான் குமாஸ்தாவாக இருந்தது கட்டட வேலைகள் சம்பந்தப்பட்ட அலுவலகம். விரிசலின் குறுக்கே கண்ணாடி ஒட்டுவது எதற்கென்று எனக்குத் தெரியும். சுவர் இன்னும் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்று பார்க்க. நகர்ந்தால் கண்ணாடி உடையும். இது உடைந்திருந்தது. சுபேதாரிடம் கேட்டேன். "இது மூன்றாவது கண்ணாடி" என்றார் இந்தியும் இங்கிலீஷுமாக. பிறகு டீ கொடுத்தார். ஊருக்கு வந்த பிறகும் தீபாவளிக்குத் தீபாவளி போன் பேசிக்கொள்வோம். எனக்குத் தெரிந்த இந்தி அதற்குப் போதும்.

இங்கே கொஞ்சம் பிரான்சுக்குப் போய்விட்டு வருகிறேன். என்னோடு படித்த ஒருவன் பிரெஞ்சுக் குடியுரிமை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவன், ஆல்ப்ஸ் அடிவாரத்தில் பூர்-சேன்-மோரிஸ் என்ற ஊரில் வேலையில் இருந்தான். 'திக்தே'யில் வந்த அதே சவுவா. எனக்குப் படக்கார்டுகள் அனுப்புவான். அந்த ஊருக்கு மேலே லெஸார்க் என்ற பனிச்சறுக்கு ஊரை 1968-ல் திறந்தார்கள். கட்டடங்களை வகுத்த குழுவில் முக்கியமானவர் ஷார்லோத் பெரியாம் என்ற அம்மாள் (1903-1999). லெ கொர்புசியேயோடும், அவருடைய உறவினர் பியேர் ழான்னரேயோடும் வேலை செய்தவர். ழான்னரே சண்டிகரில் தங்கிக் கட்டியவர். அவர் அங்கே அரசு அலுவலகங்களுக்கு வடிவமைத்த பிரம்பு நாற்காலிகள் இப்போது வெளிநாட்டு ஏலத்தில் லட்சக்கணக்கில் போகின்றன. என்னைப்போல எத்தனை குமாஸ்தாக்கள் பின்னல் அறுந்துபோகும் வரை உட்கார்ந்து எழுந்ததோ! சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த அம்மாள் சரிவில் கோபுரம் மாதிரி நட்டுவைக்காமல், சரிவோடு சரிவாகப் படிப்படியாகக் கட்டடத்தைச் சாய்த்துப் படுக்க வைத்தார். பின்னால் இருக்கிற வீட்டுக்கு முன்வீடு மறைக்காது. எல்லோருக்கும் வெயில், எல்லோருக்கும் மலை. காரை வெளியிலேயே நிறுத்த வேண்டும். பனி இல்லாத மாதங்கள் குறைவு என்பதால், குளியலறைகளைத் தொழிற்சாலையில் முழுசாக வார்த்துக் கொண்டுவந்து பொருத்திய கட்டடங்களும் உண்டு. இன்னொரு பக்கம் அவொரியாஸ் என்ற ஊர். ழாக் லாப்ரோ என்பவர் மரச்சில்லுகளால் போர்த்திக் கட்டியது, தூரத்திலிருந்து பார்த்தால் பாறையின் தொடர்ச்சி போலவே இருக்கும். ஊருக்குள் காரே கிடையாது. குதிரை இழுக்கும் சறுக்குவண்டிதான்.

எனக்கு அதிகம் பிடித்தது இவை இரண்டுமில்லை. கூர்ஷவெல் என்ற ஊர், 1946-ல் தொடங்கியது. திட்டம் போட்ட லோரான் ஷாப்பி, போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டுக் கைதி முகாமில் இருந்த காலத்திலேயே அந்தப் பள்ளத்தாக்குகளுக்கான யோசனையைத் தீட்டியவர். அவரும் தெனி பிராதெல் என்பவரும் அங்கே வீடுகளுக்குக் கூரையைத் தலைகீழாகப் போட்டார்கள். மற்ற இடங்களில் கூரை நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும். பனி பாளம் பாளமாக வாசலில் நிற்பவன் தலையில் விழும். இவர்கள் ஓரங்களை உயர்த்தி நடுவைத் தாழ்த்தினார்கள், பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி. பனி மேலேயே தங்கும். குளிர்காலம் முழுக்க வீட்டுக்கு அதுவே ஒரு கம்பளி. உருகும்போது நடுவில் இருக்கும் குழாய் வழியாக இறங்கும். குழாய் வீட்டுக்குள்ளே வெதுவெதுப்பில் இருப்பதால் உறையாது.

நண்பன் அனுப்பிய படத்தில் இதைப் பார்த்தபோது எனக்குப் பனி நினைவுக்கு வரவில்லை, எங்கள் பாட்டி வீட்டு முற்றம்தான் நினைவுக்கு வந்தது. நாலு பக்க ஓடும் உள்பக்கம் சரிந்து மழைத்தண்ணீரை முற்றத்தில் கொட்டும். அண்டா வைத்துப் பிடித்தது போக மிச்சம் தூம்பு வழியாகத் தெருவுக்குப் போகும். வீடு கட்டுகிறவன் முதலில் யோசித்தது தண்ணீரைத்தான். அது பனியாக விழுந்தாலும் மழையாக விழுந்தாலும்.

பிரான்சிலும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. 1964-க்குப் பிறகு 'ப்ளான் நேஜ்' என்று அரசாங்கமே திட்டம் போட்டு மலைமேல் ஊர் ஊராகக் கட்டினார்கள். 'பனிச்சறுக்குத் தொழிற்சாலை' என்று அவர்களே கேலி செய்யும் அளவுக்குக் கான்கிரீட். இப்போது பனியே குறைந்துவிட்டது. 2020 பிப்ரவரியில் பிரனீஸ் மலையில் ஓர் ஊரில் மேட்டிலிருந்த பனியை ஹெலிகாப்டரில் அள்ளிவந்து சரிவில் கொட்டினார்கள். செயற்கைப் பனி என்றால் ஒரு கன மீட்டர் தண்ணீருக்குச் சுமார் இரண்டு கன மீட்டர் பனிதான் கிடைக்கும் என்கிறார்கள். அவ்வளவு தண்ணீரை மலை உச்சியில் சேர்த்துவைக்க வேண்டும். ஔலிக் குளம் அதற்குத்தான். அங்கும் 2023 பிப்ரவரியில் நடக்க வேண்டிய தேசியப் போட்டி பனி இல்லாமல் ரத்தானது.

அந்த பிப்ரவரிக்கு ஒரு மாதம் முன்பு நடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். 2023 ஜனவரி முதல் வாரம். ஜோஷிமட்டில் வீடுகள் பிளந்தன. ஒரு காலனியில் நிலத்துக்கடியிலிருந்து மண் கலந்த தண்ணீர் பீறிட்டது. எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். பன்னிரண்டு நாளில் ஊர் 5.4 சென்டிமீட்டர் இறங்கியதாகச் செயற்கைக்கோள் படம் சொன்னது. ஔலி ரோப்காரை நிறுத்தினார்கள். குடியிருக்கத் தகாத வீடுகளின் சுவரில் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டுக்கொண்டு போனதை டி.வி.யில் காட்டினார்கள்.

யாருக்கும் தெரியாமல் நடந்ததல்ல. 1976-லேயே, கார்வால் கமிஷனராக இருந்த மிஸ்ரா தலைமையில் ஒரு குழு எழுதிவைத்தது: இந்த ஊர் பாறைமேல் இல்லை, பழைய நிலச்சரிவில் வந்து குவிந்த மண்ணும் கல்லும் கலந்த மேட்டின்மேல் இருக்கிறது; கனமான கட்டடம் வேண்டாம்; சரிவில் உள்ள பாறாங்கற்களைப் பெயர்க்கவோ வெடிவைக்கவோ வேண்டாம்; மரம் நடுங்கள்; தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் ஒழுங்காக வடிகால் போடுங்கள். 47 வருஷம் அந்த அறிக்கை எங்கே இருந்திருக்கும் என்பதை என்னால் மிகத் துல்லியமாகக் கற்பனை செய்ய முடியும். சிவப்பு நாடா, முதுகில் வருஷம், மேலே தூசி. நானே அப்படி எத்தனையோ கட்டுகளைக் கட்டி அலமாரியில் ஏற்றியவன். அருகில் தோண்டிய நீர்மின் சுரங்கம்தான் காரணம் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள், கட்டுகிறவர்கள் இல்லை என்கிறார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் கழிவுநீர் உறிஞ்சுகுழியில்தான் இறங்கியது. அதை என் கண்ணால் பார்த்தேன். லாட்ஜில் ஒரு நாளைக்கு நாற்பது பேர் குளித்த தண்ணீர் அந்தக் குழிக்குள் போனது. அந்த நாற்பதில் நானும் ஒருவன்.

சுபேதாருக்குப் போன் போட்டேன். மூன்று நாள் கழித்து எடுத்தார். பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள் என்றார். வீட்டில் சிவப்புக்குறி. அழவில்லை. "அஸ்திவாரம் தோண்டும்போது பெரிய பெரிய உருண்டைக் கல்லாக வந்தது. நல்ல கல், விலைக்கு வாங்க வேண்டாம் என்று சந்தோஷப்பட்டேன்" என்றார்.

போனை வைத்துவிட்டு நான் வெகுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். 2010-ல் இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது மூன்றடியில் மணல் வந்தது. சலித்ததுபோல ஆற்று மணல், நடுநடுவே வழவழவென்று கூழாங்கல். எங்கள் மேஸ்திரி தெலுங்குக்காரர். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "இது வாகு சார்" என்றார். வாகு என்றால் அவர்கள் பாஷையில் ஓடை. நான், "அப்போ பூச்சு வேலைக்கு மணல் வாங்க வேண்டாம், இல்லையா?" என்றேன். இரண்டு வண்டி மணல் மிச்சம் என்று மனைவியிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

என் பட்டாவில் ஒரு குறையும் கிடையாது. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்தவன். புல வரைபடத்தை மட்டும் வாங்கிப் பார்க்கவில்லை. ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் "முதலில் வரைபடத்தைப் பாருங்கள்" என்று முப்பது வருஷம் சொன்ன ஆள். ஓடை என் மனைக்கு இருபது அடி தள்ளிப் போகிறது. மனைப்பிரிவு போட்டவர்கள் அதன்மேல் சாலையைப் போட்டு, அடியில் ஓரடிக் குழாய் ஒன்றை விட்டிருந்தார்கள். சாதாரண மழைக்கு அது போதும். 2015 கார்த்திகை மழையில் மலைத்தண்ணீர் குழாயை மதிக்காமல் என் வாசல் வழியாக வந்து கூடத்தில் ஏறியது. நான் என்ன செய்தேன்? எல்லோரும் செய்வதைத்தான். வாசல் முழுக்க சிமெண்டுத் தளம் போட்டு ஒன்றரை அடி உயர்த்தினேன். மதில் சுவரையும் உயர்த்தினேன். அதற்குப் பிறகு என் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. எங்களுக்குக் கீழண்டை ஓட்டுவீட்டில், படிக்கட்டு மண்டபத்தில் பூ விற்கும் அம்மா இருக்கிறார். தண்ணீர் அங்கே போனது. அடுத்தடுத்த பெருமழைகளில் அவர் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். முனிசிபாலிட்டியைத் திட்டியுமிருக்கிறேன். என் மதிலைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்கும். பென்ஷன்காரரிடம் என்ன சொல்வது என்று விட்டிருப்பார்.

2023 ஏப்ரலில் அதே மேஸ்திரியைக் கூப்பிட்டேன். வாசல் தளத்தை உடைத்து மண்ணாக விட்டோம். மதிலின் அடியில் மூன்று இடத்தில் திறப்பு. வீட்டின் ஓரமாகச் சரிவு கொடுத்துக் கருங்கல் பாவிய வாய்க்கால் ஒன்று, ஓடை இருக்கும் பக்கத்துக்கு. மாடித் தண்ணீர் ஒரு தொட்டிக்கு. 62,000 ரூபாய் ஆயிற்று. "வெள்ளம் உள்ளே வருவதற்குப் பணம் கொடுத்து வழி வெட்டுகிறாரே" என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னதாகக் கேள்வி. குழாயைப் பெரிதாக்கச் சொல்லி நாலு மனு எழுதினேன். மனு எழுதுவதில் நமக்கு அனுபவம் உண்டு. குழாய் இன்னும் அதே ஓரடிதான்.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. இரவு முழுவதும் டார்ச் வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றேன். கலங்கல் தண்ணீர் வாசலுக்குள் வந்தது, வாய்க்காலில் திரும்பியது, கொஞ்சம் மாமரத்தடியில் தேங்கியது, போனது. எங்கள் திண்ணையின் முதல் படி நனைந்தது. காலையில் கீழ்வீட்டு அம்மாவிடம் என் மனைவி, "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாள். "இந்த வருஷம் அடுப்பு நனையல" என்று சொல்லிவிட்டு அவர் பூக்கூடையோடு மலைக்குப் போய்விட்டார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. எட்டு வருஷத்துக்கு என்ன சொல்வது?

சுபேதார் இப்போது டேராடூனில் மகன் வீட்டில் இருக்கிறார். போன வாரம் பேசினோம். திருத்தணியில் எத்தனை டிகிரி என்று கேட்டார், அவருக்கு அது ஒரு வேடிக்கை. மார்கழி, சொர்க்கமாக இருக்கிறது, 31-ஆம் தேதி படித் திருவிழா, வாருங்கள் என்றேன். ஔலியில் பனி விழுந்ததா என்று நான் கேட்டேன். பழைய லாட்ஜுக்குப் பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். இன்னும் சரியாக விழவில்லையாம். விழுந்ததும் சொல்கிறேன் என்றார்.